வெயிலிலும் மழையிலும் குளத்து இறால் எங்கே ஒதுங்குகிறது? பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறை

இறால் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் எத்தனை டிகிரியோ, கிட்டத்தட்ட அதே சூடுதான் அதன் உடம்புக்கும். வியர்க்காது, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. தோதான தண்ணீரைத் தேடி நகர்வதுதான் அதற்குள்ள வழி. குளங்களில் வளர்க்கும் வனாமி வகை இறாலுக்கு 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை தோது. புதிதாகப் பண்ணை வேலைக்கு வருபவர்கள் கீழே சொல்வதைச் செய்து பாருங்கள்.

படி 1: மேலும் கீழும் அளப்பது

விடிகாலையில் ஒருமுறை, பிற்பகல் இரண்டு, மூன்று மணிவாக்கில் ஒருமுறை. மேல்தண்ணீரில் தெர்மாமீட்டரை முக்கினால் போதும். அடித்தண்ணீருக்கு, பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கை போட்டு மூடி, தக்கைக்குத் தனிக் கயிறு கட்டி இறக்குங்கள். அடிக்குப் போனதும் தக்கையை வெடுக்கென்று இழுங்கள். குமிழி நின்றதும் தூக்கி, உடனே அளந்துவிடுங்கள்.

படி 2: இரண்டு செக் ட்ரே

செக் ட்ரே என்பது இறால் தின்பதைப் பார்க்கத் தண்ணீருக்குள் இறக்கும் தீவனத் தட்டு. ஆழம் குறைந்த இடத்தில் ஒன்று, ஆழமான இடத்தில் ஒன்று. இரண்டிலும் ஒரே அளவு தீவனம் போட்டு, ஒரே நேரத்தில் தூக்குங்கள். சித்திரை வெயிலில் மேல்தண்ணீர் கொதித்தால், ஆழத்துத் தட்டில் கூட்டம் கூடும். அதோடு ஒரு இறாலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதுகு வழியே ஓடும் குடல் கோடு விடாமல் கருத்திருந்தால் நன்றாகத் தின்கிறது. கோடு விட்டுவிட்டுத் தெரிந்தால் தீவனத்தைக் குறையுங்கள்.

படி 3: ஆக்சிஜன் பிரச்சினையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

விடிகாலையில் இறால் மேலே வந்து மிதந்தால் அது சூட்டுக்காக அல்ல, ஆக்சிஜன் போதாமல். உடனே ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். இறாலுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படும்.

படி 4: மழை நாள்

எனக்கு வெயிலை விட மழைதான் பயம். மழைத்தண்ணீர் உப்பில்லாதது, லேசானது. குளிர்ந்திருந்தாலும் உப்புத்தண்ணீருக்கு மேலேயே நிற்கும். கதகதப்பு அடியில் இருப்பதால் இறால் கீழே இறங்கும். ஆனால் அங்கேதான் கழிவுச் சேறும், ஆக்சிஜன் பற்றாக்குறையும். குளிருக்குப் பயந்து போன இடத்திலேயே மூச்சுத் திணறும்.

அதனால் மழை வலுத்தால் தீவனத்தை நிறுத்துங்கள். மதகின் மேல்பலகையை எடுத்து மேல்தண்ணீரை மட்டும் வடியவிடுங்கள். அது வடிந்த பிறகு ஏரேட்டரை ஓட்டித் தண்ணீரைக் கலக்குங்கள். மறுநாள் இரண்டு தட்டையும் தூக்கி, குடல் கோட்டைப் பார்த்த பிறகே பழைய அளவுக்குத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.