லத்தீன் இரண்டாம் கட்டம்: இங்கிலீஷைச் சுற்றிப் போகாதீர்கள்

ஐந்து பெயர்த்திரிபும் நான்கு வினைத்திரிபும் மனப்பாடம். ஆனால் ஒரு முழுப் பத்தி வந்தால் தடுக்குகிறது. இந்த இடத்தில் நிற்பவர்களுக்கான குறிப்பு இது. பெரும்பாலும் காரணம், லத்தீனை இங்கிலீஷாக்கி, பிறகு தமிழாக்கிப் புரிந்துகொள்வதுதான்.

"தீக்ஸித் புஎரும் வெனீரெ" என்ற வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்லப்போனால் காலத்தை மாற்ற வேண்டும். நெல்லைப் பேச்சில் மாற்றவே வேண்டாம்: "பய வாரதா சொன்னான்". வெனீரெ என்றால் வாரதா, வேனிஸ்ஸெ என்றால் வந்ததா, வென்தூரும் எஸ்ஸெ என்றால் வரப்போறதா. பையன் இரண்டாம் வேற்றுமையில் நிற்பது ஒன்றுதான் நமக்குப் புதிது.

"உர்பெ கப்தா மீலிதேஸ் ரெதியேருன்த்": நகரத்தைப் பிடிச்சிட்டு வீரர்கள் திரும்பினார்கள். நம் வினையெச்சம் அப்படியே பொருந்துகிறது. பிடித்தது யார் என்று லத்தீன் சொல்லாது. வேறு ஆள் என்று முன்பின் வரிகள் காட்டினால் "நகரம் பிடிபட்டதும்" என்று எடுங்கள்.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். லத்தீனில் அந்த வேலையைச் செய்யும் "குயீ" (எவனோ அவன்) வாக்கியம் பெரும்பாலும் பின்னால் வரும். வாக்கியத்தைப் புரட்டாமல், "அவன் யாருன்னா..." என்று முன்னோக்கியே வாசியுங்கள். அடைமொழி பெயரைவிட்டு நாலு சொல் தள்ளி நிற்கும்போது விகுதியைத்தான் நம்ப வேண்டும்.

குறில் நெடிலை விடாதீர்கள். வெனித் என்றால் வருகிறான், வேனித் என்றால் வந்தான். நெடில் கோடு போட்ட பதிப்பை வாங்கி, சத்தமாக வாசியுங்கள்.

நாளுக்குப் பத்து வரி, மூன்று தடவை: முதல் தடவை அகராதி தொடாமல், அடுத்து அகராதியோடு, மறுநாள் மறுபடி அது இல்லாமல். சொல்லுக்குமேல் பொருள் எழுதினால் கண் லத்தீனைப் பார்க்காது, ஓரத்தில் எழுதுங்கள்.

கதை தெரிந்த மாற்கு நற்செய்தியை வுல்காத்தாவில், அதாவது பழைய லத்தீன் பைபிள் மொழிபெயர்ப்பில், தொடங்கலாம். அதிலேயே தங்கிவிட்டால் ஆபத்து. அங்கே "என்று" என்பதற்குக் குயியா, குவொத் அடிக்கடி வரும். மேலே சொன்ன வெனீரெ அமைப்பு கை பழகாது. பிறகு ரோமானியத் தளபதி சீசர் தன் போரைப் பற்றி எழுதிய காலியப் போர், முதல் புத்தகம், 13, 14ஆம் அத்தியாயங்கள்: தூதர் பேச்சும் சீசர் பதிலும் முழுக்க அயற்கூற்று. பத்து நாள் அங்கேயே கிடந்தாலும் நஷ்டமில்லை.

அடுத்து, காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம். நமக்குத் தெரிந்த தமிழையே லத்தீனில் விளக்குவதால், சொல் தெரியாவிட்டாலும் பொருளை ஊகித்துவிடலாம். சீசரை வைத்து அதன் நடையைத் திருத்தப் பார்க்காதீர்கள். 18ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் லத்தீனுக்கு அதற்கேயான சொற்கள் உண்டு.