டிரயல்ஸ் பைக்: வீட்டுப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரயல்ஸ் பைக்கை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சீட் எங்கே?" சீட் கிடையாது. நின்றபடியே ஓட்டும் வண்டி இது. பாறை, மரவேர், ஓடைக்கரை என்று குறித்துவைத்த பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி தண்டம், பாதையை முடிக்காமல் நின்றுவிட்டால் 5. வேகத்துக்கு இங்கே வேலையே இல்லை. அதனால் வண்டி 70 கிலோ அளவில்தான் இருக்கும், டேங்கில் இரண்டு மூன்று லிட்டர் பெட்ரோல்தான் பிடிக்கும்.

எடையைக் குறைக்க ஒவ்வொரு பாகத்தையும் மெலிதாகச் செய்திருக்கிறார்கள். சாலை வண்டிக்குப் பழகிய கை அதே பழக்கத்தோடு இதைத் தொட்டால் எதையாவது கெடுத்துவிடும். நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல், வண்டி விழுந்ததால் வந்தவை அல்ல. ஓட்டி முடித்த பிறகு கழுவும்போதும், அவசரமாக ஸ்பேனரைத் திருப்பும்போதும் நாமே வரவழைத்தவை.

சிங்கப்பூரில் வசிக்கிற நமக்கு இன்னொரு சங்கடம், இடம். என் வண்டி ஜொகூரில் ஒரு நண்பர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. சக்கரம், ஏர் ஃபில்டர், காலி செய்த கார்புரேட்டர் என்று கழற்றக்கூடியவை மட்டும் பையில் ஏறி, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வரும். சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடம்தான் என் பட்டறை. கீழே எழுதியிருப்பவை அங்கேயும் அந்தக் கொட்டகையிலும் கற்றுக்கொண்டவை.

கழுவும்போது செய்யும் தவறு

ஜொகூர்த் தோட்டங்களின் செம்மண் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். அதைப் பார்த்ததும் கை தானாக ஹை பிரஷர் குழாயைத் தேடும். மண் பத்து நிமிடத்தில் போய்விடும், வண்டியும் பளபளக்கும். ஆனால் அந்த வேகத்தில் பாயும் தண்ணீர், சீலைத் தாண்டி பேரிங்குக்குள் புகுந்து கிரீஸை வெளியே தள்ளிவிட்டு, தான் உள்ளே தங்கிவிடும்.

ஒருமுறை நண்பர் ஒருவர் பழைய வண்டி வாங்கினார். "பின்பக்கம் அழுத்தினால் கிறீச்சென்று சத்தம் வருது அண்ணே, ஷாக் போயிடுச்சா?" என்று கேட்டார். ஷாக்கில் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே, ஷாக்கைப் பின்சக்கரத்தின் கையோடு (ஸ்விங் ஆர்ம்) இணைக்கும் லிங்கேஜைக் கழற்றப் பார்த்தோம். போல்ட் அசையவே இல்லை. துருநீக்கும் எண்ணெய் அடித்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி வெளியே எடுத்தோம். உள்ளே இருக்கும் குழலை நகர்த்தியதுமே மிளகாய்த்தூள் நிறத்தில் துரு உதிர்ந்தது. வெள்ளியாக மின்ன வேண்டிய ஊசி உருளைகள் பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வெளியே வண்டி புதுசு போலச் சுத்தமாக இருந்தது. முந்தைய உரிமையாளர் ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவியிருக்கிறார், அவ்வளவுதான்.

சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கும் மேல். உள்ளே போன தண்ணீர் அடுத்த வாரம் வரை காயாது. ஆகவே வாளியும் பஞ்சும் மென்மையான பிரஷும் போதும். முதலில் மண்ணை நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். குழாய் வேண்டுமென்றால் சாதாரண அழுத்தத்தில், மேலிருந்து கீழாக. சக்கர அச்சு, ஃபோர்க் சீல், ஹேண்டில் கழுத்து, லிங்கேஜ் ஆகியவற்றின் மேல் பக்கவாட்டில் நேராக அடிக்கவே கூடாது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் அப்படித்தான். அவை மடங்கிவிட்டால் காற்றுப் போகாது, நம் வெயிலில் மெதுவாக ஓடும் எஞ்சின் கொதித்துவிடும். கழுவி முடித்ததும் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுங்கள்.

புது வண்டி என்றால் கிரீஸ் போதுமான அளவு இருக்கும் என்று நம்புவதும் தவறு. தொழிற்சாலையில் பெயருக்குத் தடவியிருப்பார்கள். வாங்கிய வாரமே லிங்கேஜையும் ஸ்விங் ஆர்மையும் கழற்றி, தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் வைத்துவிடுங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கழற்றும்போது அடியில் ஒரு தட்டு வையுங்கள். சில பேரிங்குகளில் ஊசிகளைப் பிடித்துக்கொள்ளக் கூடு இருக்காது, குழல் நகர்ந்ததும் மொத்தமும் தரையில் சிதறும்.

ஏர் ஃபில்டர்

எஞ்சினைக் கொல்வது தூசி. டிரயல்ஸ் வண்டியின் ஃபில்டர் எண்ணெய் தோய்த்த நுரைப்பஞ்சு. அதைப் பெட்ரோலில் அலசும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பெட்ரோல் பஞ்சின் ஒட்டுகளைக் கரைத்துவிடும். வெளியே தெரியாத அந்தப் பிளவு வழியாக மணல் நேராக பிஸ்டனுக்குப் போகும். ஃபில்டர் கிளீனர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். பஞ்சை அழுத்திப் பிழியலாம், துணி மாதிரி முறுக்கிப் பிழியக் கூடாது.

சரி, கழுவியாயிற்று. அடுத்த தவறு அவசரம். ஈரம் இருக்கும் இடத்தில் எண்ணெய் ஒட்டாது. நம் காற்றில் பஞ்சு முழுதாகக் காய ஓர் இரவு வேண்டும். மழை நாளில் மின்விசிறிக்கு எதிரே தொங்கவிடுவேன். காய்ந்ததும் ஃபில்டர் எண்ணெயைத் தடவி, நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும்வரை பிசைய வேண்டும். அதிகப்படியை அழுத்தி எடுத்துவிட்டு, பெட்டியோடு பொருந்தும் விளிம்பில் மெலிதாக கிரீஸ் பூசுங்கள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அடுத்த முறை ஃபில்டரைக் கழற்றும்போது வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்சுவரைத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நிம்மதி. பழுப்புக் கோடு விழுந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

மூடியைப் படிக்காமல் ஊற்றுவது

இது நானே செய்த தவறு. டிரயல்ஸ் வண்டியில் கிளட்ச் ஹைட்ராலிக்கில் இயங்கும். ஒற்றை விரலால் நூறு தடவை அழுத்தி விட வேண்டியிருப்பதால் அப்படி. பிரேக்குக்கு டாட் 4 திரவம் போட்டுக்கொண்டிருந்தேன், பாட்டில் கையிலேயே இருந்தது, கிளட்ச் கிண்ணத்திலும் அளவு குறைந்திருந்தது, ஊற்றிவிட்டேன். அந்த கிளட்ச்சுக்குத் தேவைப்பட்டது மினரல் ஆயில். இரண்டு வாரத்தில் லீவர் கனத்தது, விட்டாலும் முழுதாகத் திரும்பி வரவில்லை. உள்ளே ரப்பர் சீல் ஊதிப் போயிருந்தது.

மினரல் ஆயிலுக்கு ஒரு வகை ரப்பர், டாட் 4க்கு வேறு வகை. மாற்றி ஊற்றினால் எந்தப் பக்கமானாலும் சீல் போய்விடும். சொட்டு அளவு கலந்தாலும் முழுவதையும் வடித்துக் கழுவித்தான் ஆக வேண்டும். எந்த வண்டிக்கு எது என்று நினைவில் வைத்துக்கொள்ள முயல வேண்டாம், ஒரே நிறுவனம் மாடலுக்கு மாடல் மாற்றியிருக்கும். மூடியில் எழுதியிருப்பதையும் கையேட்டையும் பாருங்கள். என் வண்டியின் கிளட்ச் மூடியில் இப்போது பச்சை டேப், பிரேக் மூடியில் சிவப்பு டேப்.

டாட் 4 பற்றி இன்னும் ஒன்று. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் தரநிர்ணயம் கேட்பது 155 தான். போன வருடம் திறந்த பாட்டிலை அலமாரியில் வைத்துப் பயன்படுத்தாதீர்கள். சிறிய பாட்டிலாக வாங்கி, மீந்ததை ஒதுக்கிவிடுவதுதான் சரி.

பெட்ரோலும் கார்புரேட்டரும்

டூ ஸ்ட்ரோக் வண்டிக்குக் கையேடு 80:1 என்று சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 12.5 மில்லி ஆயில். ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி அளந்து ஊற்றுங்கள். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும், எஞ்சினுக்கு நல்லது" என்று ஊற்றுகிறவர்கள் அதிகம். இந்த எஞ்சின் பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே சுற்றுவதால் மிஞ்சிய ஆயில் எரியாமல் பிளக்கையும் சைலன்சர் பஞ்சையும் நனைத்துவிடும். நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு இந்தக் கலவை வேண்டவே வேண்டாம். 2007 முதல் 2024 வரை ஆண்டு தவறாமல் வெளிப்புற உலகப் பட்டம் வென்ற டிரயல்ஸ் வீரர் டோனி போவின் மொன்டேசா வண்டி அந்த வகைதான்.

ஓட்டி முடித்தபின் பெட்ரோல் டேப்பை மூடாமல் வண்டியை நிறுத்திவிட்டுப் போவது அடுத்த தவறு. கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகிப் போய், ஆயிலும் பிசினும் மட்டும் மிஞ்சும். குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைக் குழல்தான் பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, 48 என்று எண் போட்ட கெய்ஹின் நிறுவன ஜெட்டில் 0.48 மில்லிமீட்டர். அடைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அதைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிட்டால் எஞ்சின் குடிக்கும் பெட்ரோலின் அளவே மாறிவிடும். கார்ப் கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டம் சுத்தமாகத் தெரிய வேண்டும். ஜப்பானியக் கார்புரேட்டரின் ஸ்க்ரூக்களுக்கு ஜிஸ் என்ற தரத்தில் செய்த ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். சாதாரண நட்சத்திர முனை வழுக்கி, தலையைத் தேய்த்துவிடும்.

வீட்டுக்குள் பெட்ரோல் கொண்டுவருவதைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். அடுக்குமாடி வீட்டில், துணி காயும் இடத்துக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே ஒரு சுவர்கூட இருக்காது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அடுப்பு வரை போகும். கார்புரேட்டரை வண்டி நிற்கும் இடத்திலேயே காலி செய்து, உலரவைத்துக் கொண்டுவாருங்கள். கார்ப் கிளீனரும் எளிதில் தீப்பற்றுவது என்பதால் அதை அங்கேயே, திறந்த வெளியில் அடித்து முடித்துவிடுவேன். வீட்டில் பார்ப்பது, பொருத்துவது மட்டும்தான். பக்கத்து வீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

டயர், மரை, பழைய ஆயில்

பின்டயருக்கு 4 முதல் 5 பிஎஸ்ஐ, முன்டயருக்கு 6 அளவில். பெட்ரோல் நிலையத்தில் காருக்கு வைத்திருக்கும் மானியை நம்பக் கூடாது, அந்த அளவில் அது காட்டுவது குத்துமதிப்பு. 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் சின்ன மானி வாங்குங்கள். 5இல் 1 கூடினால் 20 சதவீதம் கூடிவிட்டது என்று அர்த்தம், பாறையில் டயர் பிடிக்காமல் துள்ளும். காலையில் வீட்டில் பார்த்தது மதியம் வெயிலில் நின்றபின் கூடியிருக்கும், ஓட்டும் இடத்தில் மறுபடி பாருங்கள்.

எஞ்சின் மூடிகள் அலுமினியம் அல்லது மக்னீசியம். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு போதும், அது மணிக்கட்டின் பலம். நீளமான ஸ்பேனரால் "இன்னும் ஒரு கால் சுற்று" என்று திருப்பினால், திடீரென்று கை லேசாகும். அந்தக் கணத்தில் மரை போய்விட்டது என்று அர்த்தம். சின்ன டார்க் ரென்ச் ஒன்று, மரைக்குள் புதுச்சுருள் வைக்கும் செலவைவிடக் குறைவு. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பிரேக் வட்டை அட்டையால் மறையுங்கள். எண்ணெய் குடித்த பிரேக் பேடைத் தேய்த்துக் காப்பாற்ற முடியாது.

கியர் பாக்ஸில் இருந்து வடியும் ஆயில் அரை லிட்டர் அளவுதான் என்று சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கால்வாயில் போவது நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, நம் வீட்டுக் குழாய்க்கே திரும்பி வருகிறது. பழைய டப்பாவில் மூடிவைத்து, வழக்கமாகப் போகும் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். வடித்த அளவைக் குறித்தும் வைப்பேன். ஊற்றியதைவிடக் குறைவாக வந்தால் எங்கோ கசிகிறது.

கடைசியாக, லீவர். கிளட்ச், பிரேக் லீவர்களை ஹேண்டில் பாரோடு பிணைக்கும் பிடியை (கிளாம்ப்) இறுக்கிவிட்டால் வண்டி சாயும்போது லீவர் ஒடியும், சில சமயம் பிடியே வெடிக்கும். ஹேண்டில் பாரில் டெஃப்ளான் டேப் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பிடியை வைத்து, கையால் பலமாகத் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். விழும்போது லீவர் சுழன்று விலகிக்கொள்ளும், நீங்கள் தட்டிச் சரிசெய்து மறுபடி ஏறலாம். இந்த வண்டிகள் பெரும்பாலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் செய்யப்படுபவை, பாகங்களும் அங்கிருந்துதான் வர வேண்டும். அதனால் என் பையில் எப்போதும் ஒரு ஜோடி லீவர் கூடுதலாக இருக்கும்.