இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும்: நீங்களே கணக்கிடுவது எப்படி?

தட்டையான உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தூரம் தப்பாகத்தான் வரும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி, படத்தில் வளைந்துதான் தெரியும். லண்டன்–நியூயார்க் விமானம் வடக்கே சுற்றிப் போவதுபோல் இருப்பது அதனால்தான்.

முதலில் இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள். நகரத்தின் பெயரை நம்பாதீர்கள்: சிட்னி ஆஸ்திரேலியாவிலும் உண்டு, கனடாவிலும் உண்டு. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைச் சரிபார்த்துவிடுங்கள்.

லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. நியூயார்க் ஜான் எஃப். கென்னடி: வடக்கு 40.64, மேற்கு 73.78. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.5095. அவற்றின் காஸ் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசமான 73.33-இன் காஸ் மதிப்பையும் சேர்த்துப் பெருக்கினால் 0.1356. கூட்டினால் 0.6451. இதற்குக் காஸ் இன்வர்ஸ் போட்டால் 49.83 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ.; ஆக, சுமார் 5,540 கி.மீ.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். எக்செல் டிகிரியை ஏற்காது, ரேடியனாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, மேற்கையும் தெற்கையும் மைனஸாகப் போட மறப்பது. சிங்கப்பூர் கிழக்கு 104, நியூயார்க் மேற்கு 74; வித்தியாசம் 178, முப்பது அல்ல. முப்பது என்று போட்டால் 15,300 கி.மீ. தூரம் 5,300 கி.மீ. ஆகிவிடும்!

நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 5,540-ஐ 900-ஆல் வகுத்தால் 6 மணி 9 நிமிடம். தரையில் ஊர்வதற்கும், மெதுவாக ஏறி இறங்குவதற்கும் 40 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

காற்றை விட்டால் இந்தக் கணக்கே வீண். ஜெட் ஸ்ட்ரீம் எனும் உயர்வானப் பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும், குளிர்காலத்தில் வலுக்கும். சராசரியாக 100 கி.மீ. எதிர்காற்று என்றால் 800-ஆல் வகுங்கள்: 40 நிமிடத்தையும் சேர்த்து ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்; 1,000-ஆல் வகுத்தால் ஆறேகால் மணி நேரத்துக்குள் முடியும். கால அட்டவணையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், தாமதத்துக்கு இடம் விட்டே போடுவார்கள்.

வான்வெளி மூடியிருந்தால் சூத்திரம் உதவாது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது. கனெக்டிங் விமானம் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, நடுவே காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நேரடியாகக் கழிக்காமல் இரண்டையும் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றுங்கள். கோடையில் நியூயார்க்கில் இரவு 10 மணி என்றால் யூடிசி 02:00. லண்டனில் காலை 10 என்றால் 09:00. பயணம் 7 மணி நேரம், 12 அல்ல. மார்ச்சில் அமெரிக்கா இரண்டாம் ஞாயிறும் பிரிட்டன் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை முன்னே தள்ளும். இடைப்பட்ட வாரங்களில் இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் 5 அல்ல, 4 மணி நேரம்தான்.