இழுவை லொறியில் நீர்-மெதனோல்: கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் பாரம் இழுத்துச் செல்லும் டேர்போ டீசல் லொறிக்கு மாத்தளை ஏற்றத்தில்தான் உண்மையான சோதனை. அங்கே புகைபோக்கி வாயுவின் வெப்பம் எகிறும். காற்று உள்ளே போகும் குழாயில் நீரும் மெதனோலும் (எரியக்கூடிய ஒருவகை மதுசாரம்) கலந்து நுண்துளிகளாகத் தெளித்தால் அவை ஆவியாகி அந்த வெப்பத்தை இறக்கும்.

இங்கே யாழ்ப்பாணத்தில் இந்தத் தெளிப்பைப் பொருத்துபவர்கள் செய்யும் பெரிய தவறு, தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது. நம் மண் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பாருங்கள். அதுவே தெளிப்பு முனையின் மயிரிழைத் துளையையும் அடைக்கும். அடைத்தால் தெளிப்பு நின்றுவிடும், ஓட்டுநருக்குத் தெரியவும் வராது. பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். அமிலம் கலந்த போத்தலை எடுத்துவிடாதீர்கள்.

குளிர்நாடுகளில் நீர் உறையாமலிருக்கவும் மெதனோல் உதவுகிறது. நமக்கு அந்தக் கவலை இல்லை. மெதனோல் எரிபொருளும்கூட, வலுவைக் கூட்டும். ஆனால் வெப்பத்தை அதிகம் உறிஞ்சுவது நீர்தான். பாரம் இழுக்க மட்டும் என்றால் வெறும் வடித்த நீரே போதும் என்பது என் கருத்து. கலப்பதானால் பாதிக்கு மேல் மெதனோல் வேண்டாம்.

மெதனோல் கொடிய நஞ்சு, தோல்வழியும் உடலில் ஏறும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. கையுறை அணியுங்கள், குடிநீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

புகைபோக்கி வாயுவின் வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி பொருத்தாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.