ஜெர்மன் எழுத்துகளுக்கு வாயைப் பழக்குவது எப்படி?

ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஏ, ஓ, யூ, அதோடு 'ஸ்' ஒலி தரும் எஸ்செட் என்று ஒன்று. ஆக 30. பெரும்பாலும் தெரிந்த வடிவங்கள்தான், வம்பே அதில்தான். கண் ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் வாய் ஆங்கிலத்துக்குப் போய்விடும்.

முதலில் பெயர்கள். ஐந்து உயிரும் வரிசையாக ஆ, ஏ, ஈ, ஓ, ஊ. ஆங்கில வழக்கத்தில் 'ஏ' என்றால் ஜெர்மானியர் ஈ எழுத்தைக் குறித்துக்கொள்வார், 'ஈ' என்றால் ஐ எழுத்தை. ஜே அங்கே யோட், கே அங்கே கா, வி ஃபௌ, டபிள்யூ வே, இசட் ட்ஸெட். ரவி என்ற பெயர்: எர், ஆ, ஃபௌ, ஈ. ஜெர்மன் கற்பிக்கும் கோத்தே இன்ஸ்டிடியூட்டின் ஏ1 என்ற தொடக்கநிலைப் பேச்சுத் தேர்விலேயே எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். உங்கள் பெயர், தெரு, ஊர் மூன்றையும் தடுமாறாமல் வரும்வரை சொல்லிப் பாருங்கள்.

ஒலிகளும் அப்படியே: டபிள்யூ 'வ', வி பெரும்பாலும் 'ஃப', ஜே 'ய', இசட் 'ட்ஸ'. சொல் முதலில் எஸ்-டி வந்தால் 'ஷ்ட', எஸ்-பி வந்தால் 'ஷ்ப'. ஈ-ஐ சேர்ந்தால் 'ஐ', ஐ-ஈ சேர்ந்தால் 'ஈ'. இதில் புரண்டால் வைன் என்ற மது வீன் என்ற வியன்னா நகரமாகிவிடும்.

குறில் நெடில் நமக்குக் கைவந்த கலை. ஓஃபன் அடுப்பு, ஒஃபன் திறந்திருப்பது. மெய் இரட்டித்தால் அதற்கு முந்தைய உயிர் குறில். உயிரை அடுத்து எச் நின்றால் நெடில், எச் ஒலிக்காது. எஸ்செட்டும் இதே கணக்குதான்: 1996 எழுத்துச் சீர்திருத்தத்தின்படி நெடிலுக்குப் பின் எஸ்செட், குறிலுக்குப் பின் இரட்டை எஸ். சுவிட்சர்லாந்தில் எஸ்செட்டே கிடையாது.

புள்ளி வைத்த யூ-தான் படுத்தும். கண்ணாடி முன் நின்று 'ஈ' என்று இழுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். வெறும் 'ஊ' கேட்டால் நாக்கு பின்னால் ஓடிவிட்டது என்று அர்த்தம். உதட்டை விரித்தால் மறுபடி 'ஈ' கேட்க வேண்டும். புள்ளி வைத்த ஓ-வுக்கு 'ஏ'யில் தொடங்கி 'ஓ'வுக்குக் குவியுங்கள். புள்ளி வைத்த ஏ ஏறக்குறைய நம் 'எ'.

சொல் முடிவில் 'உ' ஒட்டுவது தமிழ் வாயின் பழக்கம். 'நல்லது' என்பதற்கு 'கூட்' போதும். கூட்டு பரிமாற வேண்டாம். கே, பி, டி எழுத்துகளில் இன்னொரு சிக்கல்: ஜெர்மானியர் கே-யையும், பென்சில், டேபிள் என்பவற்றின் முதல் எழுத்துகளையும் மூச்சோடு வெடித்துச் சொல்வார்கள். நம் 'க' மூச்சில்லாதது, அவர்கள் காதில் ஜி-யாக விழும். உதட்டுக்கு முன் மெல்லிய காகிதம் ஒன்றைப் பிடியுங்கள்; ஜெர்மன் கே-யைச் சொல்லும்போது அது ஆட வேண்டும்.

உச்சரிப்பை நோட்டில் தமிழில் எழுதிவைக்காதீர்கள். கே-யில் தொடங்கும் சீட்டுகளும் ஜி-யில் தொடங்கும் தோட்டமும் அதில் ஒரே 'கர்ட்டன்' ஆகிவிடும்.