கொத்தனாராக இருந்து எம்எல்ஏ ஆனவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

கொத்தனாரோ, தறிக்காரரோ, அச்சகத்தில் எழுத்துக் கோத்தவரோ, சங்கம் வழியாக அரசியலுக்கு வந்து கோட்டை வரை போன ஒருத்தர் உங்கள் ஊரிலும் இருந்திருப்பார். அவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வேட்புமனுவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முந்தைய அத்தனை வருஷ உழைப்பும் 'எளிய குடும்பத்தில் பிறந்து' என்று ஒரே வரியில் போய்விடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஜெயித்த பிறகு நடந்ததெல்லாம் எங்கேயாவது காகிதத்தில் இருக்கும். சாரத்தில் நின்ற காலம் கூட வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அவர்களுக்கும் வயதாகிவிட்டது, அதனால் முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள், நூலகமெல்லாம் அப்புறம். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். யாரிடம் கையாளாகச் சேர்ந்தார், கையில் கரண்டியை எப்போது கொடுத்தார்கள், தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பாரா இல்லை கண்ணாலேயே சொல்லிவிடுவாரா, சனிக்கிழமை கூலியில் மேஸ்திரி எவ்வளவு பிடித்துக்கொண்டார் என்று கேளுங்கள். அவர் சங்கத்துக்கு ஏன் போனார் என்பதே அந்தக் கூலிக் கணக்கில் வெளியே வரலாம்.

வருஷம் கேட்டால் தடுமாறுவார்கள். தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது எங்கே வேலை, எமர்ஜென்சியில் உள்ளே போனாரா என்று கேட்டுப் பாருங்கள், டக்கென்று வரும். 1964 டிசம்பர், 1967 ஜனவரி, 1975 என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

சரி, இனி காகிதம். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் எந்தத் தொகுதியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று இருக்கிறது. தோற்ற தேர்தல்களையும் எடுங்கள், டெபாசிட் போயிருந்தால் அதையும் சேர்த்து. 2008 மறுசீரமைப்பில் பல தொகுதிகள் காணாமல் போய், 2011 தேர்தலிலிருந்து எல்லைகளே வேறு என்பதால் பழைய பெயரை இன்றைய வரைபடத்தில் தேடி ஏமாறாதீர்கள். 1952, 1957 தேர்தல்களில் ஒரே தொகுதிக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் இருந்தன. அந்தக் காலத்து ஆள் இரண்டாம் இடம் வந்தும் ஜெயித்ததாகச் சொன்னால் அது புளுகாக இருக்க வேண்டியதில்லை.

சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டப் பொறுமை வேண்டும். கொத்தனார் என்றால் இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள்: உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்த 1982, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்த 1994. அப்போது அவர் சபையில் இருந்தாரா, இருந்தால் என்ன பேசினார்? வாயே திறக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், கட்சிக்காரர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டால் தூக்கிக்கொள்ளட்டும்.

சொத்து விஷயத்தில், 2003-க்குப் பிறகு போட்டியிட்டவர் என்றால் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரம் இருக்கும். அதற்கு முந்தையவர் என்றால் 'கடைசி வரை ஓட்டு வீடுதான்' என்பதை அப்படியே நம்பாமல், வாரிசுகளிடம் வீட்டுப் பத்திரத்தைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், அந்த வரியை எடுத்துவிடுங்கள்.