முதுகு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்

என் மகளுக்கு சி.பி., அதாவது பெருமூளை வாதம். முதுகெலும்பை நேராக்கி இணைக்கும் ஆபரேஷன் வேலூரில் நடந்தது. நாங்கள் குடியாத்தம். தியேட்டருக்குள் நடப்பது டாக்டர்கள் பொறுப்பு. அதற்கு முந்தைய மாதங்கள் முழுக்க நம் பொறுப்பு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதற்காக இது என்று வீட்டில் எல்லோருக்கும் புரியவையுங்கள். பிள்ளையை நடக்க வைப்பதற்கான ஆபரேஷன் இல்லை இது. நேராக உட்காரவும், ஒரு பக்கப் புட்டத்திலேயே பாரம் விழுந்து புண்ணாகாமல் இருக்கவும், விலா எலும்பு இடுப்பில் குத்தாமல் இருக்கவும்தான். முதுகெலும்பின் வளைவு 50 டிகிரியைத் தாண்டிவிட்டால் வளர்ச்சி நின்ற பிறகும் கூடிக்கொண்டே போகலாம். முதுகுக்குப் போடும் பெல்ட் உட்கார உதவும். வளைவை நிறுத்தும் என்று நம்பி வருஷங்களைக் கடத்த வேண்டாம். ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெற்றோரும் உண்டு, அதுவும் நியாயமே.

மார்பின் மேல்பகுதி முதல் இடுப்பெலும்பு வரை கம்பியும் திருகும் வைத்து எலும்பை ஒட்டவைப்பார்கள். ரத்தம் நிறையப் போகும். கொடுக்கக்கூடிய உறவுக்காரர்களை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்குத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். மெலிந்த பிள்ளைக்குப் புண் ஆறாது, கிருமி எளிதில் தொற்றும். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் உடம்பைத் தேற்றச் சொல்வார்கள். கேழ்வரகுக் கூழில் வேர்க்கடலைப் பொடியும் நெய்யும் கலந்தேன், முட்டையை மசித்துக் கொடுத்தேன். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தால் சும்மா விடாதீர்கள், தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம். விழுங்குவதைச் சோதிக்கச் சொல்லுங்கள். வயிற்றில் டியூப் வைக்கலாம் என்றதும் என் மாமியார் அழுதுவிட்டார். எனக்கு அது பயப்படும் விஷயமாகத் தோன்றவில்லை. பிள்ளைக்கு வயிறு நிறைய வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரைச் சீட்டை மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே காட்டுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் ரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். விறைப்புக்குக் கொடுக்கும் பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து. எதையும் நாமாக நிறுத்தக் கூடாது. அப்புறம் பல் சொத்தை, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நெஞ்சுச் சளி எல்லாவற்றையும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

பணத்துக்கு, ரேஷன் கார்டும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டில் இந்த ஆபரேஷன் நீங்கள் போகும் மருத்துவமனையில் சேருமா என்று தேதி வாங்கும் முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். சி.பி. பிள்ளைகளுக்கு நிராமயா என்ற மத்திய அரசுக் காப்பீடும் உண்டு, வருஷத்துக்கு 1 லட்சம் வரை. அதில் முதலில் நாம் கட்டிவிட்டு பில் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். எல்லா பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் ஐ.சி.யு.வில் பிள்ளையை மூச்சுக்காக வைத்த டியூபோடு பார்க்க நேரலாம். மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். வார்டில் இருக்கும்போதே திருப்புவதையும் தூக்குவதையும் கற்று, நர்ஸ் முன்னால் நீங்களே செய்துகாட்டுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. இரண்டு பேர் வேண்டும். கற்றுக்கொள்ள அப்பாவையும் அழைத்து வாருங்கள், அம்மா மட்டும் போதாது.

தையலின் கீழ்முனை டயப்பருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் வியர்வையும் சிறுநீரும் அங்கே போய்ச் சேரும். அடிக்கடி பாருங்கள், ஈரத்தை உடனே மாற்றுங்கள். காய்ச்சல், சீழ், தையல் ஈரம், சிவப்பு எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய வீல்சேரில் உட்கார வைக்காதீர்கள். முதுகு நேரானதும் பிள்ளை உயரமாகிவிடும், இடுப்பின் சாய்வும் மாறிவிடும். வீட்டுக்குப் புறப்படும் முன்பே ஃபிசியோவிடம் புதிதாக அளவெடுத்துக்கொள்ளுங்கள்.